தேஷ்பாண்டே பற்றி டிப்ளமோ பிள்ளைகளுக்குப் பேசப்போகிறேன், எதை விடக்கூடாது?

வடசென்னை டீச்சர்:

வணக்கம். வடசென்னையில் ஒரு பாலிடெக்னிக்கில் இ.சி.இ. பிரிவுக்குப் பாடம் எடுக்கிறேன். வெள்ளிக்கிழமை கடைசி பீரியடில் பாடப்புத்தகத்தை மூடிவைத்துவிட்டு நம் துறையில் ஏதாவது செய்த ஒருவரைப் பற்றிப் பேசுவது வழக்கம். அடுத்த வாரம் குருராஜ் தேஷ்பாண்டே. அமெரிக்காவில் எல்லோரும் 'தேஷ்' என்று கூப்பிடுகிறார்களே, அவர்தான்.

எங்கள் பிள்ளைகளுக்குத் தெரிந்த தொழிலதிபர்கள் எல்லாம் ஆப் செய்து பெரிய ஆளானவர்கள். கம்ப்யூட்டர் பிரிவு கிடைக்காமல் இங்கே வந்து மாட்டிக்கொண்டோம் என்ற எண்ணத்தோடுதான் பாதிப் பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். டெலிபோன் கம்பெனிகளுக்கு நெட்வொர்க் பெட்டி செய்து விற்றே ஒருவர் வளர்ந்தார், அவர் 1973இல் எலக்ட்ரிகல் முடித்தது இதே ஊரில், கிண்டி பக்கத்து ஐ.ஐ.டி.யில் என்று சொன்னால் கொஞ்சம் நிமிர்ந்து உட்காருவார்கள் என்று நம்புகிறேன்.

அவர் கதை ஓரளவு தெரியும். வட கர்நாடகத்துக்காரர், கனடாவில் மேல்படிப்பு, க்வீன்ஸ் பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டம், மோட்டோரோலாவுக்குச் சொந்தமாக இருந்த கோடெக்ஸ் கம்பெனியில் வேலை, பிறகு மாசசூசெட்ஸ் போய்ச் சொந்தத் தொழில். காஸ்கேட் என்ற அவருடைய கம்பெனியை 1997இல் அசெண்ட் 370 கோடி டாலருக்கு வாங்கியது. அடுத்து சைகமோர் என்ற கம்பெனி. மனைவி ஜெயஸ்ரீயும் அவரும் சேர்ந்து 1996இலேயே அறக்கட்டளை தொடங்கி ஹூப்ளி பக்கம் நிறையச் செய்கிறார்கள். ஜெயஸ்ரீ, சுதா மூர்த்தியின் தங்கை.

நான் தடுமாறுவது இரண்டு இடங்களில். அந்தப் பெட்டிகள் உள்ளே என்னதான் செய்தன என்று இரண்டாம் வருஷப் பிள்ளைக்குப் புரிகிற மாதிரி எப்படிச் சொல்வது? இன்னொன்று கொஞ்சம் கஷ்டமானது. சைகமோர் பங்கு 2000 வாக்கில் ஏறி இறங்கிய வேகம் எல்லோருக்கும் தெரியும். அதை மறைத்துவிட்டு 'உழைத்தார், உயர்ந்தார், ஊருக்குக் கொடுத்தார்' என்று பேச எனக்கு மனசு வரவில்லை. சொல்லவும் வேண்டும், பிள்ளைகள் முன்னால் இவரை ஒரு முன்மாதிரியாக நிறுத்தவும் வேண்டும். இரண்டும் சேர்ந்து நடக்குமா? துறையில் இருந்தவர்கள், ஹூப்ளி போய்ப் பார்த்தவர்கள் யாராவது இருந்தால் எழுதுங்கள்.


பழைய ஜே.டி.ஓ.:

டீச்சர், நல்ல காரியம். நான் ஸ்ட்ரோஜர் என்ற பழைய இயந்திர எக்ஸ்சேஞ்ச் காலத்தில் சென்னை டெலிபோன்ஸில் சேர்ந்து, இ-10பி டிஜிட்டல் எக்ஸ்சேஞ்ச் பார்த்து, பிராட்பேண்ட் வந்த பிறகு ரிட்டயர் ஆனவன். உங்கள் முதல் கேள்விக்கு என்னால் பதில் சொல்ல முடியும்.

1990 வாக்கில் ஒரு வங்கி சென்னைக் கிளையிலிருந்து பம்பாய்த் தலைமை அலுவலகத்துக்கு டேட்டா அனுப்ப வேண்டுமென்றால் லீஸ்டு லைன், அதாவது வாடகைக்குத் தனி லைன், எடுக்க வேண்டும். வினாடிக்கு 9.6 கிலோபிட், மிஞ்சிப் போனால் 64 கிலோபிட். பகலில் நாலு மணி நேரம் டேட்டா ஓடினாலும் சரி, ராத்திரி முழுக்கச் சும்மா கிடந்தாலும் சரி, வாடகை வாடகைதான், லைன் அவர்களுக்கு மட்டும்தான். பத்துக் கிளைகள் ஒன்றோடொன்று நேராகப் பேச வேண்டுமென்றால் எத்தனை லைன் வேண்டும் என்று போர்டில் கேளுங்கள். 45 என்று பிள்ளைகளே சொல்வார்கள். இருபது கிளை என்றால் 190. அந்தக் காசை எந்த வங்கியும் கொடுக்காது.

ஃப்ரேம் ரிலே வந்து இதை மாற்றியது. ஒவ்வொரு கிளையிலிருந்தும் டெலிபோன் கம்பெனியின் ஸ்விட்ச் வரைக்கும் ஒரே ஒரு லைன். டேட்டாவைத் துண்டு துண்டாக்கி, ஒவ்வொரு துண்டின் முன்னாலும் ஒரு எண்ணை ஒட்டி அனுப்பினால், ஸ்விட்ச் அந்த எண்ணைப் பார்த்து எந்தப் பக்கம் தள்ள வேண்டுமோ தள்ளிவிடும். நடுவே ஓடும் பெரிய லைன் எல்லா வாடிக்கையாளருக்கும் பொது. தனி டாக்ஸி பிடித்துக்கொண்டிருந்தவர்களை ஷேர் ஆட்டோவில் ஏற்றிய மாதிரிதான், ஆனால் குறைந்தது இத்தனை கிலோபிட் கிடைக்கும் என்ற உத்தரவாதத்தோடு.

இதில் முக்கியமான இடம் ஒன்று இருக்கிறது, நிதானமாகச் சொல்லுங்கள். ஃப்ரேம் ரிலேவுக்கு முன்னால் இருந்த எக்ஸ்.25 முறையில் வழியில் உள்ள ஒவ்வொரு ஸ்விட்சும் பிழை இருக்கிறதா என்று பார்க்கும், இருந்தால் மறுபடி அனுப்பச் சொல்லிக் கேட்கும். செம்புக் கம்பியில் இரைச்சல் அதிகம், அதனால் அது தேவைப்பட்டது. ஃபைபர் வந்ததும் பிழை வெகுவாகக் குறைந்துவிட்டது. அப்புறம் ஸ்விட்ச் எதற்கு அத்தனை வேலை செய்ய வேண்டும்? பிழையான துண்டைத் தூக்கிப் போட்டுவிட்டால் போதும், இரண்டு முனையிலும் இருக்கிற கம்ப்யூட்டர்கள் பார்த்துக்கொள்ளும். ஸ்விட்ச் அந்த வேலையை விட்டதால்தான் வேகம் கிடைத்தது. கம்பி மாறினால் பெட்டியும் மாறியாக வேண்டும், பெட்டி மாறும் அந்த இரண்டு மூன்று வருஷத்தில்தான் புது ஆள் ஒருவர் பெரிய கம்பெனிகளுக்கு நடுவே நுழைய முடியும். தேஷ்பாண்டே அந்த நேரத்தில் அங்கே இருந்தார், காஸ்கேட் ஸ்விட்சுகளை டெலிபோன் கம்பெனிகளே வாங்கித் தங்கள் நெட்வொர்க்கின் நடுவில் வைக்கிற அளவுக்குத் தரமாகச் செய்தார். பிறகு இன்டர்நெட் பெருகியபோது அந்த டேட்டாப் பாரத்தில் பெரும்பங்கு அந்தப் பெட்டிகள் வழியாகவே போனது.

அவர் ஒரே பாய்ச்சலில் அங்கே போய்விடவில்லை என்பதையும் சொல்லுங்கள். அதற்கு முன் 1980களின் கடைசியில் கோரல் நெட்வொர்க்ஸ் என்று ஒன்றைக் கூட்டாகத் தொடங்கி, எந்தத் திசையில் போவது என்பதில் கூட்டாளியோடு ஒத்துப்போகாமல் வெளியே வந்தார். அப்புறம்தான் காஸ்கேட். அதைத் தனி ஆளாகத் தொடங்கியவர், கொஞ்ச காலத்திலேயே டான் ஸ்மித் என்பவரைத் தலைமை அதிகாரியாகக் கூட்டிவந்து உட்காரவைத்துவிட்டு, தான் அவருக்கு அடுத்த பொறுப்பில் இருந்துகொண்டார். தான் தொடங்கிய கம்பெனியில்! 1997இல் கைமாறும்போது 900 பேர் வேலை செய்தார்கள், வருமானம் 50 கோடி டாலர். சைகமோரிலும் அதே ஸ்மித் தலைமை அதிகாரி, இவர் சேர்மன். நாற்காலிக்காக நடக்கும் சண்டைகளை சர்வீஸ் முழுக்கப் பார்த்தவன் நான். அதனாலோ என்னவோ, எனக்கு அவர் வாழ்க்கையிலேயே பெரிய விஷயமாகப் படுவது இதுதான்.


பெருங்குடி ஃபைபர்:

ஜே.டி.ஓ. சார் காஸ்கேடைச் சொல்லிவிட்டார், நான் சைகமோரைச் சொல்கிறேன். ஆப்டிகல் ட்ரான்ஸ்மிஷனில்தான் என் வேலை.

1998இல் ஃபைபரில் ஒரே இழை வழியாகப் பல நிறத்து ஒளியை அனுப்பும் டி.டபிள்யூ.டி.எம். வந்துவிட்டது. கொள்ளளவு பிரச்சினை தீர்ந்தது. ஆனால் அந்தக் கொள்ளளவை ஒரு வாடிக்கையாளருக்குக் கொடுக்க வேண்டுமென்றால் ஸ்டேஷன்களை வட்டமாக இணைத்த பழைய ஃபைபர் வளையங்கள் வழியாகத்தான் கொடுக்க முடியும், அந்த முறைக்கு அமெரிக்காவில் சோனெட் என்று பெயர், நம்மிடம் எஸ்.டி.எச். வளையத்தில் பாதிக் கொள்ளளவு, எங்காவது கேபிள் வெட்டுப்பட்டால் சுற்றிவிடுவதற்காகச் சும்மா கிடக்கும். புது சர்க்யூட் ஒன்று கேட்டால் வழியில் உள்ள ஒவ்வொரு ஸ்டேஷனிலும் ஆள் போய் கார்டு மாட்டி, பேட்ச் கார்டு என்ற இணைப்பு வயர் போட்டு, டெஸ்ட் செய்து முடிக்க மாதக்கணக்கில் ஆகும். எம்.ஐ.டி. லிங்கன் ஆய்வகத்திலிருந்து வந்த இரண்டு பேரோடு தேஷ்பாண்டேயும் ஸ்மித்தும் சேர்ந்து தொடங்கிய சைகமோர், இதை மென்பொருளிலிருந்தே செய்யலாம் என்றது. உட்கார்ந்த இடத்திலிருந்து இந்த முனை, அந்த முனை என்று சொன்னால், நடுவில் உள்ள ஸ்விட்சுகள் தங்களுக்குள் பேசி வழியைக் கண்டுபிடித்துக்கொள்ளும், வழியில் ஒன்று அறுந்தால் வேறு வழி தேடும். யோசனை சரியானது. இன்று நாங்கள் வேலை பார்க்கிற நெட்வொர்க்குகள் அந்தப் பக்கம்தான் வந்திருக்கின்றன.

இப்போது உங்கள் கஷ்டமான கேள்வி. 1999 அக்டோபரில் 38 டாலருக்கு வெளியிட்ட பங்கு, முதல் நாள் முடிவில் 180 டாலரைத் தாண்டி நின்றது. அப்போது அந்தக் கம்பெனிக்குச் சொல்லிக்கொள்ளும்படியான வாடிக்கையாளர் ஒரே ஒருவர்தான், வில்லியம்ஸ் கம்யூனிகேஷன்ஸ். 2000 மார்ச்சில் மறுபடி பங்கு விற்று நூறு கோடி டாலருக்கு மேல் கம்பெனிக்குத் திரட்டினார்கள். 2001 ஜூலையில் முடிந்த ஆண்டின் விற்பனை 37 கோடி டாலருக்கு மேல், அதற்கு அடுத்த ஆண்டு 7 கோடிகூட இல்லை. வில்லியம்ஸ் 2002இல் திவாலானது. பங்கு சில டாலருக்கு வந்து நின்றது.

காரணத்தைச் சரியாகச் சொல்லுங்கள், பெட்டியில் குறை இல்லை. இன்டர்நெட் பாரம் சில மாதத்துக்கு ஒருமுறை இரட்டிப்பாகும் என்று எல்லோரும் நம்பிக் கடன் வாங்கிக் கேபிள் போட்டார்கள், கேபிள் போட்டவர்கள் பெட்டி வாங்கினார்கள், பெட்டி விற்றவர்களின் பங்கு ஏறியது. பாரம் ஏறத்தான் செய்தது, அந்த வேகத்தில் ஏறவில்லை. அவ்வளவுதான். முதலில் கேபிள் போட்டவன் விழுந்தான், வரிசையாக மற்றவர்கள்.

நம் ஊரிலும் அதன் வாலைப் பார்த்தோம். சென்னையிலிருந்து சிங்கப்பூருக்கு ஐ2ஐ கடலடி கேபிள் 2002இல் வந்தது, கொள்ளளவு வினாடிக்கு 8.4 டெராபிட், அன்றைக்கு இந்தியாவுக்கே அது எதற்கு என்று கேட்டவர்கள் உண்டு. பிறகு ஓ.எம்.ஆரில் ஐ.டி. கட்டடங்கள் எழும்பியபோது அந்த மாதிரிக் கேபிள்கள் தயாராகக் காத்திருந்தன. அந்தப் பப்பிளில் போன பணமெல்லாம் வீண் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் போட்டவன் ஒருவன், அனுபவித்தவன் இன்னொருவன். அதை மறைக்கக் கூடாது.


இ.சி.இ. மூன்றாம் வருஷம்:

அண்ணா, இறங்கினபோது வேலை செய்தவர்கள் என்ன ஆனார்கள்? பங்கு வாங்கினவர்கள் பணம்? அவர் மட்டும் பணக்காரராகவே இருந்தாரா? தப்பாகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான்.


பெருங்குடி ஃபைபர்:

தம்பி, தப்பே இல்லை. வகுப்பிலும் யாராவது இதைத்தான் முதலில் கேட்பார்கள்.

2001இல் சைகமோரில் ஆட்குறைப்பு ஒன்றன்பின் ஒன்றாக நடந்தது. உச்சத்தில் பங்கு வாங்கிய சாதாரண முதலீட்டாளருக்குக் கிட்டத்தட்ட எல்லாம் போனது. தேஷ்பாண்டேயின் சொத்தும் காகிதத்தில் பெரும்பகுதி கரைந்தது, ஆனால் காஸ்கேட் விற்ற காசு முன்பே வந்திருந்தது, அவர் நடுத்தெருவுக்கு வரவில்லை. திரட்டிய பணத்தைக் கம்பெனி வீணாக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். பல வருஷம் கையிருப்பாக வைத்திருந்து, கடைசியில் பங்குதாரர்களுக்கே பிரித்துக் கொடுத்துவிட்டு 2013இல் கம்பெனியைக் கலைத்தார்கள். அந்தக் காலத்தில் விழுந்த பல டெலிகாம் கம்பெனிகள் கடன்காரர்களுக்குப் பட்டை நாமம் போட்டுவிட்டுப் போயின, இது அப்படிப் போகவில்லை. அதற்காக உச்சத்தில் வாங்கினவனுக்கு அது ஆறுதல் ஆகுமா? ஆகாது.

டீச்சர், நானாக இருந்தால் பிள்ளைகளிடம் அந்த 38, 180, அப்புறம் சில டாலர் மூன்றையும் போர்டில் எழுதிவிட்டு, எதையும் சொல்லாமல் அவர்களைப் பேச விடுவேன்.


களப்பணி அக்கா:

நான் தொண்டு நிறுவனத்தில் வேலை பார்க்கிறவள், நீர்நிலை சம்பந்தமான வேலைக்காகத் தார்வாட் மாவட்டம் போயிருக்கிறேன். அந்த மண்ணைப் பார்த்தால்தான் இவர்கள் செய்வது புரியும். கரிசல் மண், மானாவாரி விவசாயம். மழை வந்தால் ஒரேயடியாக வரும், போனால் போனதுதான். ஹூப்ளி சாண்ட்பாக்ஸ் என்ற பெயரில் 2007 வாக்கில் தொடங்கிய வேலைகளில் எனக்கு மனசுக்குப் பிடித்தது பண்ணைக்குட்டைதான். வயலின் ஒரு மூலையில் பெரிய குட்டை வெட்டி மழைத் தண்ணீரைத் தேக்கிவைத்து, நடுவில் மழை ஏமாற்றும்போது ஒரு தண்ணீர், இரண்டு தண்ணீர் விடுவது. நம் ராமநாதபுரம், விருதுநகர் பக்கத்து விவசாயிக்கு இதைச் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. குட்டைக்காக நிலத்தை விட்டுக்கொடுக்க ஒரு விவசாயி ஒத்துக்கொள்வதுதான் இதில் கஷ்டமே. பக்கத்து வயல்காரன் வெட்டி, அவன் பயிர் நின்றதைக் கண்ணால் பார்த்தால்தான் இவன் வெட்டுவான்.

சாண்ட்பாக்ஸ் என்றால் என்ன என்று பிள்ளைகள் கேட்டால் இப்படிச் சொல்லலாம். ஒரு குறிப்பிட்ட நிலப்பகுதியை எடுத்துக்கொள்வது, அங்கே இருக்கிற ஆட்களுக்கே சின்னச் சின்னப் பணமும் வழிகாட்டுதலும் கொடுத்து முயன்று பார்க்கவிடுவது, தேறியதைப் பெரிதாக்குவது, தேறாததை விட்டுவிடுவது. கல்லூரி மாணவர்களுக்கான லீட் என்ற திட்டம் அங்கே இருக்கிறது. வட கர்நாடகத்துச் சின்ன ஊர்க் கல்லூரிகளில் படிக்கிறவர்கள் தங்கள் ஊர்ப் பிரச்சினை ஒன்றை எடுத்துக்கொண்டு, சிறு தொகையை வைத்துத் தீர்த்துக் காட்ட வேண்டும். உங்கள் மாணவர்களுக்கு அவர் வாழ்க்கையில் எது நெருக்கமாக இருக்கும் என்று கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன், கோடி டாலர் கதையை அல்ல.

இதே முறையை மாசசூசெட்ஸில் லோவல், லாரன்ஸ் என்ற ஊர்களிலும் செய்கிறார்கள். அவர் கம்பெனி நடத்திய வட்டாரம் அது. பழைய நெசவாலை ஊர்கள், ஆலைகள் மூடி வேலையில்லாமல் கிடந்தவை. அங்கே மெரிமாக் பள்ளத்தாக்கு சாண்ட்பாக்ஸ் என்று தொடங்கியது, இப்போது 'எல்லோருக்கும் தொழில்முனைவு' என்ற பொருளில் ஈஃபார்ஆல் என்ற பெயரில் நடக்கிறது. லாரன்ஸில் ஸ்பானிஷ் பேசும் மக்கள் அதிகம் என்பதால் ஸ்பானிஷிலேயே பயிற்சி கொடுக்கிறார்கள். சலூன் வைக்கிறவர், சாப்பாட்டுக் கடை வைக்கிறவர், இவர்களுக்குத்தான். பிறந்த பக்கத்துக்கும் பிழைக்கப் போன பக்கத்துக்கும் ஒரே மாதிரி செய்கிறாரே என்பது எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம். வெளிநாடு போன நம் ஆட்கள் நிறையப் பேர் ஊர்க்கோயிலுக்கு மட்டும் கொடுத்துவிட்டு, தாங்கள் வாழும் ஊரில் இருக்கும் ஏழையைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை.


தியாகராயர் தெரு:

களப்பணி அக்கா சொன்னதில் எனக்கு மாறுபாடு இல்லை, ஆனால் ஒன்றைச் சேர்க்க வேண்டும். ஹூப்ளியில், பள்ளிகளுக்கு மதிய உணவு சமைத்துக் கொடுக்கும் அட்சய பாத்திரம் அமைப்பின் பெரிய சமையல்கூடத்துக்கு தேஷ்பாண்டே குடும்பம் உதவியது, அமெரிக்காவில் அந்த அமைப்புக்கு அவர் தலைமையும் வகித்திருக்கிறார். லட்சக்கணக்கில் பிள்ளைகள் சாப்பிடுகிறார்கள், அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். பசித்த பிள்ளைக்குச் சோறு போடுகிறவர் யாராக இருந்தாலும் கும்பிடத்தான் வேண்டும்.

ஆனால் சென்னைப் பிள்ளைகளிடம் பேசும்போது நம் கதையையும் பக்கத்தில் வைக்க வேண்டும். பள்ளியில் மதிய உணவு என்பது 1920இல் ஆயிரம் விளக்கு மாநகராட்சிப் பள்ளியில் சர் பிட்டி தியாகராயர் காலத்தில் தொடங்கியது, காமராஜர் மாநிலம் முழுக்கக் கொண்டுபோனது, 1982இல் எம்.ஜி.ஆர். சத்துணவாக்கியது, 2022இல் காலை உணவும் சேர்ந்தது. இதெல்லாம் அரசுப் பணம், மக்கள் வரி, அந்தந்த ஊர்ச் சத்துணவு அமைப்பாளர் அக்காக்கள் சமைப்பது. முட்டை உண்டு, வெங்காயம் பூண்டு உண்டு. அட்சய பாத்திரத்துச் சமையலில் முட்டை கிடையாது, வெங்காயம் பூண்டு கிடையாது. வீட்டில் கறி முட்டை சாப்பிடுகிற ஏழைப் பிள்ளைக்குப் பள்ளியில் கிடைக்கிற புரதத்தைக் கொடையாளியின் நம்பிக்கை தீர்மானிக்கக் கூடாது. இது தேஷ்பாண்டே என்ற தனிமனிதர் மீதான குறை இல்லை. தனியார் கொடையில் எப்போதும் கொடுப்பவர் கை மேலே இருக்கும், அந்த எல்லையைச் சொல்கிறேன்.

தொழில் செய்து சம்பாதித்துக் கல்விக்குக் கொட்டிய நம் ஆள் ஒருவரையும் சொல்லுங்கள், டீச்சர். அழகப்பச் செட்டியார் காரைக்குடியில் மத்திய மின்வேதியியல் ஆய்வு நிலையத்துக்காக 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார். கிண்டியில் ஏ.சி. டெக் இருக்கிறதே, அந்த 'ஏ.சி.' அவர்தான். 48 வயதுகூட முழுசாக முடியாமல் 1957இல் போய்ச் சேர்ந்துவிட்டார். உங்கள் பிள்ளைகள் கிண்டி பக்கம் போகும்போதெல்லாம் பார்க்கிற கட்டடம், யார் கொடுத்தது என்று தெரிந்திருக்காது.


பழைய ஜே.டி.ஓ.:

தியாகராயர் தெரு சொல்வது நியாயம். ஆனால் தேஷ்பாண்டேயின் கொடையில் சோறு ஒரு பகுதிதான் சார். 2002இல் எம்.ஐ.டி.க்கு 2 கோடி டாலர் கொடுத்து ஒரு மையம் தொடங்கினார்கள், அது பேராசிரியர்களின் ஆய்வு ஆய்வகத்தோடு நின்றுவிடாமல் வெளியே வருவதற்கு ஆரம்பப் பணம் கொடுக்கிற இடம். வருஷத்தைக் கவனியுங்கள். 2002. சைகமோர் தரையில் கிடந்த நேரம். கையில் இருப்பது சுருங்கும்போது கொடுப்பதை நிறுத்தத்தான் மனசு சொல்லும், அவர்கள் நிறுத்தவில்லை. தான் படித்த கனடாப் பல்கலைக்கழகங்களிலும் இதே மாதிரி மையங்கள் உண்டு.


தரமணி பெஞ்ச்:

சென்னைக்காரர்கள் யாரும் நம் ஊர் மையத்தைச் சொல்லவில்லையே! ஐ.ஐ.டி. மெட்ராஸில் கோபாலகிருஷ்ணன்-தேஷ்பாண்டே மையம் 2017இலிருந்து இருக்கிறது. அங்கே படித்த பழைய மாணவர்களான இன்ஃபோசிஸ் கிரிஸ் கோபாலகிருஷ்ணனும் தேஷ்பாண்டேயும் சேர்ந்து கொடுத்தது. ஆய்வு செய்கிறவர்கள் தங்கள் கண்டுபிடிப்புக்கு வெளியே உண்மையிலேயே ஆள் இருக்கிறதா என்று, பலரை நேரில் போய்ப் பார்த்துப் பேசிக் கண்டுபிடிக்கப் பயிற்சி கொடுக்கிறார்கள். நான் வன்பொருள் வடிவமைக்கிற ஆள், இந்த விஷயத்தில் நாங்கள் எவ்வளவு பலவீனம் என்பது எனக்குத் தெரியும். முதலில் போர்டை அழகாகச் செய்து முடித்துவிட்டு, பிறகுதான் யாருக்கு வேண்டும் என்று தேடுவோம்.

இன்னொரு விஷயத்தைப் பிள்ளைகளுக்குக் கட்டாயம் சொல்லுங்கள். 2000இல் பெங்களூரில் தேஜஸ் நெட்வொர்க்ஸ் என்ற ஆப்டிகல் கருவி கம்பெனி தொடங்கியபோது அதன் பின்னால் நின்றவர்களில் தேஷ்பாண்டே ஒருவர், நீண்ட காலம் சேர்மனாக இருந்தார். அதைத் தொடங்கியவர்களில் குமார் சிவராஜன் என்ற இன்னொரு ஐ.ஐ.டி. மெட்ராஸ்காரரும் உண்டு, ஆப்டிகல் நெட்வொர்க்கில் உலகம் முழுக்கப் படிக்கிற பாடநூலை எழுதியவர்களில் ஒருவர். இந்தியாவிலேயே வடிவமைத்து, இந்திய டெலிபோன் கம்பெனிகளுக்கு விற்பது என்று கிளம்பினார்கள். மேலே ஃபைபர் அண்ணா சொன்ன அதே 2001 சரிவுக்கு நடுவே ஒரு ஆப்டிகல் கம்பெனியைத் தாக்குப்பிடிக்க வைப்பது சாதாரணம் இல்லை. 2017இல் பங்குச் சந்தைக்கு வந்தது, 2021இல் டாடா குழுமம் வாங்கத் தொடங்கியது, இப்போது பி.எஸ்.என்.எல். 4ஜி டவர்களில் தேஜஸ் ரேடியோ ஓடுகிறது. சைகமோரைவிட அவருடைய உண்மையான வெற்றி இதுதான் என்பது என் கருத்து. இருபது வருஷம் பொறுமையாகக் காத்திருந்த பணம்.

நம் சென்னையிலும் இது நடந்திருக்க வேண்டியது. ஐ.ஐ.டி.யில் அசோக் ஜுன்ஜுன்வாலா குழு 1990களில் கார்டெக்ட் என்ற கம்பியில்லாத் தொலைபேசி முறையைச் செய்தது. இங்கேயே இருந்த மைடாஸ் கம்பெனியும் அமெரிக்காவின் அனலாக் டிவைசஸும் கூட இருந்தன. வீட்டுக்குக் கேபிள் இழுக்காமலே போனும் பேசலாம், அதே நேரத்தில் வினாடிக்கு 35 கிலோபிட் இன்டர்நெட்டும் வரும். கிராமங்களில் இன்டர்நெட் கடை வைப்பதற்குப் பயன்பட்டது, பல நாடுகளுக்குப் போனது. பிறகு மொபைல் மலிவாகி எல்லாவற்றையும் அடித்துக்கொண்டு போய்விட்டது. ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா 2006இல் வந்து 2014இல் மூடியதைப் பிள்ளைகளின் அப்பா அம்மாக்களே பார்த்திருப்பார்கள், சிலர் அங்கே வேலை பார்த்திருக்கவும் கூடும். அங்கே போன் கோத்தார்கள், வடிவமைக்கவில்லை. கோப்பது ஒரு நாள் வேறு ஊருக்குப் போய்விடும். வடிவமைக்கிற கை நம்மிடம் இருந்தால் அவ்வளவு சுலபமாகப் போகாது. தேஷ்பாண்டே வாழ்க்கையிலிருந்து ஒரு டிப்ளமோ மாணவர் எடுத்துக்கொள்ள வேண்டியது இதுதான் என்று நான் அடித்துச் சொல்வேன். எங்கள் பெஞ்சில் சோதனை செய்கிற வேலையில் இருக்கிற இரண்டு பேர் டிப்ளமோ படித்தவர்கள்தான். போர்டில் எங்கே தவறு என்று இன்ஜினியர்களைவிட வேகமாகக் கண்டுபிடிப்பார்கள்.


வடசென்னை டீச்சர்:

எல்லோருக்கும் நன்றி. ஒரு மணி நேரத்துக்குத் தேவையானதைவிட அதிகமாகவே கொடுத்துவிட்டீர்கள், இரண்டு வாரமாகப் பிரிக்கப்போகிறேன்.

முதல் வாரம் பத்துக் கிளைக் கணக்கிலிருந்து ஆரம்பித்து ஃப்ரேம் ரிலே, பிறகு சைகமோர், பிறகு அந்த மூன்று எண்கள். ஃபைபர் சார் சொன்னபடி அங்கே நான் பேசாமல் இருக்கப்போகிறேன். உச்சத்தில் பங்கு வாங்கினவர் பணம் போனது, வேலை போனது, இரண்டையும் கட்டாயம் சொல்வேன். இரண்டாவது வாரம் ஹூப்ளி, லோவல், தேஜஸ். தியாகராயர் தெரு சொன்ன முட்டை விஷயத்தையும் சேர்ப்பேன், எங்கள் பிள்ளைகள் பெரும்பாலும் சத்துணவு சாப்பிட்டு வளர்ந்தவர்கள், அவர்களுக்கு இதில் சொல்ல நிறைய இருக்கும். அழகப்பரை இதோடு ஒட்டவைத்தால் அவசரமாகிவிடும், அவருக்கென்று தனி வெள்ளிக்கிழமை வேண்டும்.

முன்மாதிரியாக நிறுத்தலாமா என்று கேட்டிருந்தேன். நிறுத்தலாம் என்றுதான் இப்போது நினைக்கிறேன். ஸ்மித்துக்கு நாற்காலியைக் கொடுத்ததும், சரிந்த வருஷத்தில் கொடுப்பதை நிறுத்தாததும், தேஜஸோடு இருபது வருஷம் நின்றதும் எனக்குப் போதும்.

லீட் மாதிரி ஒன்றை எங்கள் கல்லூரியிலேயே சின்னதாகச் செய்து பார்க்க ஆசை. பெரம்பூர், வியாசர்பாடியில் மழைக்காலத்தில் சுரங்கப்பாதையில் தண்ணீர் ஏறுவதை முன்கூட்டியே சொல்லும் கருவி ஒன்றைச் செய்யலாம் என்று இரண்டு மாணவிகள் ஏற்கெனவே கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். பாகங்களுக்கான செலவை நானும் சக ஆசிரியர்களும் பார்த்துக்கொள்வோம். போர்டு வடிவமைப்பில் வழிகாட்ட ஒருவர் வேண்டும். தரமணி பெஞ்ச், உங்களைத்தான் கேட்கிறேன்.


தரமணி பெஞ்ச்:

வருகிறேன் டீச்சர். அந்த இரண்டு பேரிடமும் முதலில் ஒன்று சொல்லிவையுங்கள். சென்சார் வாங்குவதற்கு முன்னால், அந்தச் சுரங்கப்பாதைப் பக்கத்துக் கடைக்காரர்கள், ஆட்டோக்காரர்கள், மாநகராட்சி பம்ப் போடுகிறவர், இவர்களிடம் போய்ப் பேச வேண்டும். எவ்வளவு தண்ணீர் ஏறினால் வண்டியை நிறுத்துகிறார்கள், செய்தி யாருக்குப் போனால் உபயோகம், கருவியை எங்கே மாட்டினால் யாரும் கழற்றிக்கொண்டு போக மாட்டார்கள், எல்லாம் எழுதிக்கொண்டு வரட்டும். அந்த நோட்டைப் பார்த்துவிட்டு சர்க்யூட் பேசுவோம். சனிக்கிழமை காலை எனக்கு வசதி.


பழைய ஜே.டி.ஓ.:

நானும் வருகிறேன். ஃபைபர் கேபிள் துண்டு ஒன்றும், கழித்துக்கட்டிய ஸ்ட்ரோஜர் எக்ஸ்சேஞ்சின் செலக்டர் பாகம் ஒன்றும் வீட்டில் இருக்கிறது. பிள்ளைகள் கையில் எடுத்துப் பார்க்கட்டும். கேட் பாஸ் மட்டும் போட்டுவையுங்கள், செலக்டர் கனம், உள்ளே தூக்கிவர ஒரு பையன் வேண்டும்.